இலக்கணம் இல்லத்துள் இருத்தல் வேண்டும்

ஏர் உழவன் வீட்டில் இருத்தல் வேண்டும். உளி தச்சன் பட்டறையில் இருத்தல் வேண்டும். ஏரை அயலான் வீட்டில் வைத்துவிட்டு, "வேண்டும்போது சென்று கேட்டு வாங்கிக்கொள்" என்று உழவனுக்கு அறிவுரை கூறுபவன் உழவுக்கு நண்பன் ஆகான். மழை பெய்த அன்று ஏர் கிடைக்காது. ஏர் கிடைத்த அன்று நிலத்தில் ஈரம் இராது. கருவி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் தொழில் வளரும் என்பது வெள்ளிடைமலை. எனினும், கணினிக்கு ஆணையிடும் நிரல்மொழிகளின் உலகில் இவ்வெளிய உண்மை நெடுங்காலமாக வழக்காடப்பட்டு வருகின்றது. அவ்வழக்கில் தமிழாசிரியர் சார்பாகச் சில சொற்கள் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கு இதுதான். ஒவ்வொரு நிரல்மொழிக்கும் ஒரு தொகுப்பி உண்டு. மனிதன் எழுதிய நிரலைப் படித்து, பிரித்து, பொருளுணர்ந்து, இயந்திரம் அறியும் வடிவில் மாற்றித் தருவது அதன் பணி. கம்பைலர் என்று உலகம் அழைப்பது இதனையே. அம்மொழியோடு சேர்த்தே வழங்கப்படும் கருவிகளின் திரட்டு ஒன்றும் உண்டு. அதனைச் செந்தர நூலகம் என்பர். மொழியை நிறுவியவுடன் தனியாகத் தேடி வாங்காமலே கிடைப்பவை இந்நூலகக் கருவிகள். தொகுப்பியின் வயிற்றுக்குள் இருக்கும் பகுக்கும் கருவியை, எல்லார் கைக்கும் எட்டும்படி இச்செந்தர நூலகத்தில் சேர்க்க வேண்டுமா, வேண்டாவா? "சேர்க்க வேண்டும்" என்பார் ஒரு சாரார். "வெளியே தனித் தொகுதியாக இருக்கட்டும், விரும்பியவன் இறக்கிக்கொள்வான்" என்பார் மறுசாரார். நான் முதற் சாராரின் பக்கம் நிற்கின்றேன்.

"தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை?" என்று வினவுவார் உளர். அவர்களுக்கு என் பள்ளியின் கணினி அறையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்வேன்.

கெலாங் பாத்தா இன்று பழைய கெலாங் பாத்தா அன்று. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த வட்டாரம் இது. 1998-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கான இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் எழுந்தது. 2006-இல் இஸ்கண்டார் வளர்ச்சித் திட்டம் வந்தது. இப்பொழுது ஜொகூர் மாநிலத்தில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. பால்மரம் வெட்டி வாழ்ந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று நிரல் எழுதப் பழகுகின்றனர். மகிழ வேண்டிய மாற்றமே. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணும் சிறிய நிரல் ஒன்றைப் பள்ளிக் கணினியில் எழுதினாள். முதலில் அவள் கொடுத்த சொல் 'அம்மா'. கணினி 'ஐந்து' என்று விடை கூறிற்று.

அவள் என்னை நிமிர்ந்து நோக்கினாள். "ஐயா, அ, ம், மா... மூன்றுதானே? ஏன் ஐந்து?" என்று வினவினாள். நான் விளக்கத் தொடங்கினேன். விளக்கம் நீண்டது, மணி அடித்தது. மறுநாள் அவளுடைய பயிற்சி ஏட்டைத் திருத்தியபோது ஒன்றைக் கண்டேன். எழுத்தெண்ணிக்கைக் கேள்விக்கு முதலில் 'மூன்று' என்று எழுதி, அதனை அடித்துவிட்டு 'ஐந்து' என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் கூறியதைக் காட்டிலும் கணினி கூறியதை அப்பிள்ளை நம்பிவிட்டாள். முப்பதாண்டுகளாக நான் கற்பித்து வரும் எழுத்திலக்கணத்தை ஒரு வரி நிரல் ஒரே நாளில் அடித்துவிட்டது. இதற்கு மேலும் இவ்வழக்கில் தமிழாசிரியனுக்கு வேலை இல்லை என்று கூறுவார் உளரோ?

தொகுப்பியும் தொல்காப்பியமும்

தொகுப்பி செய்யும் பணி தமிழாசிரியருக்குப் புதிதன்று. அது முதலில் எழுத்துகளைப் படிக்கின்றது. எழுத்துகளைச் சேர்த்துச் சொல் எதுவெனக் காண்கின்றது. சொற்களைக் கோத்துத் தொடர் எதுவெனக் காண்கின்றது. பின்னர் அத்தொடரின் பொருளை ஆய்ந்து செயலாக மாற்றுகின்றது. எழுத்து, சொல், பொருள் என்று முப்பாற்படுத்தி மொழியை ஆராய்ந்த தொல்காப்பியத்தின் வைப்புமுறையை அறிந்தவனுக்கு இது வியப்பூட்டாது. ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாகப் பிரித்துக் காட்டும் பவணந்தியாரின் பதவியலைக் கற்பிப்பவன், சொல்லைப் பகுக்கும் கருவியின் உள்ளத்தை அரை நாழிகையில் அறிந்துகொள்வான்.

நம் இலக்கண மரபின் சிறப்பு ஒன்றை ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். தமிழின் இலக்கணம் தமிழிலேயே எழுதப்பட்டது. மொழியைப் பகுக்கும் கருவி, அம்மொழிக்குள்ளேயே, அம்மொழி பேசுவார் கைக்கெட்டும் இடத்திலேயே வைக்கப்பட்டது. தமிழ் கற்க வந்தவனிடம் "இலக்கணம் வேண்டுமாயின் வேறு ஊருக்குச் செல்" என்று நம் முன்னோர் கூறவில்லை. ஒரு மொழி தன்னைத்தானே பகுத்துக் காட்டவல்ல கருவியைத் தன் இல்லத்துள் வைத்திருக்குமாயின், அம்மொழியில் மாணவன் ஆசிரியனாவான், உரைகாரன் தோன்றுவான், புதிய நூல் பிறக்கும். நிரல்மொழிக்கும் இது பொருந்தும்.

இது வெறும் உவமை அன்று. வரலாற்றுச் சான்று உண்டு. 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் 'யாக்' என்னும் கருவியை உருவாக்கினார். ஒரு மொழியின் இலக்கண விதிகளை எழுதிக் கொடுத்தால், அம்மொழிக்குரிய பகுப்பியை ஆக்கித் தரும் கருவி அது. சொற்களைப் பிரிக்கும் 'லெக்ஸ்' அதற்குத் துணையாயிற்று. இவ்விரண்டும் யூனிக்ஸ் இயங்குதளத்தோடு சேர்த்தே வழங்கப்பட்டன. விளைவு என்ன? சிறுமொழிகள் பல தோன்றின. கணக்கிடுவதற்கு ஒன்று, உரைக்கோப்புகளை ஆராய்வதற்கு ஒன்று என வெவ்வேறு தேவைகளுக்கு வெவ்வேறு மொழிகளை மக்கள் ஆக்கினர். 1977-இல் ஆஹோ, வைன்பர்கர், கெர்னிகன் மூவரும் ஆக்கிய 'ஆக்' என்னும் மொழியும் அவ்வழி வந்ததே. கருவி வீட்டில் கிடந்தது. ஆகவே கை அதனை எடுத்தது. அதனைத் தனியே தேடிப் பெற வேண்டியிருந்தால், அவற்றுள் எத்தனை பிறந்திருக்கும்?

ஒரே இல்லம், இரண்டு தீர்ப்பு

இனி, என் மாணவியை மயக்கிய 'ஐந்து' எங்கிருந்து வந்தது என்று காண்போம். கணினிகளில் தமிழ் இன்று யூனிகோடு முறையில் சேமிக்கப்படுகின்றது. 1991-இல் வந்த அம்முறை, இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி முறையைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் 'க' என்னும் அகரமேறிய வடிவமே அடிப்படை. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறிகளாகப் பின்னே ஒட்டும். மெய் உடல், உயிர் அதனோடு கூடுவது என்று நாம் கற்பிக்கின்றோம். கணினியோ உயிர்மெய்யை முதலாக வைத்து, புள்ளியிட்டு உயிரை நீக்குகின்றது. எனவே 'அம்மா' என்பது அதற்கு அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியெண்கள். பன்னிரண்டும் பதினெட்டும் இருநூற்றுப் பதினாறும் ஒன்றும் கூடி 247 என்ற நம் கணக்கு அவ்வமைப்பில் நேரே இல்லை.

சேமிக்கும் முறை அவ்வாறு இருப்பதை நான் இங்கே குறை கூறவில்லை. அதனைப் பற்றிய வாதங்கள் பல ஆண்டுகள் நடந்தன. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு அனைத்தெழுத்து முறையான டேஸ்-16 என்பதையும் ஏற்றது. கிடங்கில் நெல் எவ்வாறு அடுக்கப்பட்டால் என்ன? உண்பவனுக்குச் சோறாக வந்தால் போதும். குறை எங்கே எனின், நெல்லைச் சோறாக்கும் அடுப்பு வீட்டுக்குள் இல்லை என்பதே. குறியெண்களை எழுத்துகளாகக் கூட்டும் விதிகளை யூனிகோடு அமைப்பே தன் 29-ஆம் செந்தர இணைப்பில் வகுத்து வைத்துள்ளது. விதி இருக்கின்றது. அவ்விதியைச் செயற்படுத்தும் கருவியைப் பல நிரல்மொழிகள் தம் செந்தர நூலகத்தில் வைக்கவில்லை.

உலகெங்கும் பள்ளிகளிற் பெரிதும் கற்பிக்கப்படும் பைத்தான் மொழியை எடுத்துக்கொள்வோம். 2008-இல் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதல், நிரலில் வரும் பெயர்களைத் தமிழில் வைக்கலாம். 'அம்மா' என்று ஒரு மாறிக்குப் பெயரிட்டால் அதன் தொகுப்பி மறுக்காது. "இது பெயராகத் தகுமா?" என்று கேட்டால் "தகும்" என்கின்றது. நன்று. அதே மொழியின் நூலகத்தில், "இச்சொல் எழுத்துகளால் மட்டும் ஆனதா?" என்று கேட்கும் வேறொரு செயற்கூறு உண்டு. அதனிடம் 'அம்மா'வைக் கொடுத்தால் "அன்று" என்று விடை வருகின்றது. புள்ளியும் துணைக்காலும் அதன் கணக்கில் எழுத்தல்ல. உரையில் சொற்களைத் தேடிப் பிரிக்கும் கருவியிடம் அதே 'அம்மா'வைக் கொடுத்தாலோ, 'அம' என்றும் 'ம' என்றும் இரு துண்டாக வெட்டிப் புள்ளியையும் துணைக்காலையும் குப்பையில் வீசுகின்றது.

ஒரே இல்லம், இரண்டு தீர்ப்பு! தொகுப்பிக்குத் தெரிந்த உண்மை நூலகத்தின் பிற கருவிகளுக்குத் தெரியவில்லை. 'அம்மா' ஒரு முழுச்சொல் என்று உள்வீடு அறியும், திண்ணை அறியாது. தொகுப்பியின் பகுக்கும் அறிவைத் தொகுப்பிக்குள்ளேயே பூட்டி வைக்காமல் நூலகத்தில் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று நான் வாதிடுவதன் வேர் இதுவே. எழுத்து எது, சொல் எது என்பதற்கு ஒரு மொழிக்குள் ஒரே வரையறை இருத்தல் வேண்டும். அவ்வரையறை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாதல் வேண்டும்.

கூகுள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கோ மொழியின் நிலையோ இதனினும் வருந்தத்தக்கது. அதில் பெயர்கள் யூனிகோடு எழுத்துகளாலும் எண்களாலும் அடிக்கோட்டாலும் மட்டுமே அமையலாம், ஒட்டுக்குறிகளுக்கு இடமில்லை. ஆகவே 'மரம்' என்று பெயர் வைக்க இயலாது; புள்ளியில் அது தடுக்கி விழும். 'தமிழ்' என்றும் வைக்க இயலாது. தேவநாகரி போன்ற எழுத்துமுறைகள் இதனால் விலக்கப்படுகின்றன என்பதை அம்மொழியின் விளக்கக் குறிப்பே ஒப்புக்கொள்கின்றது. ஒப்புக்கொண்டது நேர்மை, திருத்தாமல் விட்டது நேர்மைக்குப் போதாது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மொழியோ 2014-இல் தோன்றியது முதலே எழுத்துக் கூட்டங்களை எண்ணும் வழியைத் தன் செந்தர நூலகத்தில் வைத்துள்ளது. அதனிடம் 'அம்மா'வைக் கொடுத்தால் 'மூன்று' என்கின்றது. ஆகவே, இயலாது என்று எவரும் கூற வேண்டா. இயன்றவர் செய்து காட்டியிருக்கின்றனர்.

மறுப்பார் கூற்றும் அதன் மறுப்பும்

எதிர்க்கட்சியார் கூறும் காரணங்களை ஒளிக்காமல் எடுத்துவைப்பதே முறை. அவர்கள் அறிவிலிகள் அல்லர். மொழிகளைக் காக்கும் பொறுப்பில் இருப்போர்.

முதற் காரணம்: "நூலகத்துள் நுழைந்த கருவி உறைந்துவிடும். எவரும் அதனைக் காக்கமாட்டார். வெளியே இருந்தால் விரைந்து வளரும்." இதற்குப் பைத்தானின் வரலாற்றையே சான்று காட்டுவர். சான்று உண்மையே. அம்மொழியின் நூலகத்தில் முன்பிருந்த தொகுப்பித் தொகுதி 2008-இல் மூன்றாம் பதிப்போடு நீக்கப்பட்டது. பகுப்பித் தொகுதி 2021-இல் நீக்கப்பட்டது. பழைய நிரல்களைப் புதிய வடிவுக்கு மாற்றிய வேறொரு பகுக்கும் கருவி 2024-இல் நீக்கப்பட்டது. மூன்று பிணங்களைக் காட்டி, "உள்ளே வந்தவை இறந்தன, கண்டீரா?" என்று கேட்பர்.

கண்டோம். ஆனால், அவை ஏன் இறந்தன என்றும் காண வேண்டாவா? மூன்றாவதை மட்டும் எடுத்துக் காண்போம். மொழியின் தொகுப்பி ஓர் இலக்கணத்தைப் பின்பற்றிற்று. நூலகக் கருவியோ தனக்கெனத் தனியே ஓர் இலக்கணத்தை வைத்திருந்தது. 2020-இல் மொழி தன் பகுப்பியைப் புதிய முறைக்கு மாற்றியபோது பழைய கருவியால் உடன் வர இயலவில்லை. அதே நூலகத்தில் 2008 முதல் இருந்து வரும் தொடரியல் மரத் தொகுதி இன்றும் உயிரோடு இருக்கின்றது. அது தொகுப்பியின் பகுப்பியையே பயன்படுத்துவது. மொழி வளர்ந்தால் அதுவும் வளரும். ஆகவே, இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் "சேர்க்காதே" என்பதன்று. "ஒரு மொழிக்கு இரண்டு இலக்கணம் வைக்காதே" என்பதே. ரூபி மொழியார் இதனை உணர்ந்தனர். 'பிரிசம்' என்னும் பகுப்பியை 2023-இல் மொழியோடு சேர்த்து வழங்கினர். 2024-இல் அதனையே மொழியின் இயல்பான பகுப்பியாக்கினர். கருவியும் தொகுப்பியும் ஒன்றாயின. ஜாவா மொழியோ 2006-ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பிலேயே தன் தொகுப்பியை நிரலிலிருந்து அழைக்கும் வழியைச் செந்தரத்தில் சேர்த்துவிட்டது.

இரண்டாம் காரணம்: "மிகச் சிலரே பயன்படுத்தும் கருவிக்கு நூலகத்தில் இடம் ஏன்?" இக்கேள்வி என் உள்ளத்தைச் சுடுகின்றது. சன் நிறுவனக் கணினிகளுக்குரிய பழைய ஒலிக்கோப்புகளைப் படிக்கும் கருவியைப் பைத்தான் நூலகம் 2024 வரை பேணிக் காத்தது. அவ்வாண்டு வெளிவந்த 3.13-ஆம் பதிப்பில்தான் அதுவும் அதனையொத்த பழந்தொகுதிகளும் நீக்கப்பட்டன. மறைந்துபோன கணினிகளின் ஒலிக்கு இத்தனை ஆண்டு இடம் இருந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடிப் பேரின் தாய்மொழியான தமிழின் எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் கருவி, 2025-இல் வெளிவந்த 3.14-ஆம் பதிப்பு வரையில் அந்நூலகத்துள் இடம்பெறவில்லை. இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர் இக்கணக்கில் அடங்கார். இக்கருவி தமிழுக்கு மட்டும் உரியதும் அன்று. தெலுங்கும் மலையாளமும் வங்காளமும் தேவநாகரியும் இதே புள்ளியிலும் குறியிலும் இடறுகின்றன. இவர்களெல்லாம் 'மிகச் சிலர்' எனின், பலர் என்போர் யார்?

மூன்றாம் காரணம்: "வெளியே நல்ல தொகுதிகள் உள்ளன. ஒரு வரி கட்டளையில் இறக்கிக்கொள்ளலாமே." ஆம், உள்ளன. அவற்றை ஆக்கியோர்க்கு நாம் கடப்பாடுடையோம். ஆனால் இவ்வாறு கூறுவோர் தம் மேசைமீதுள்ள சொந்தக் கணினியை மனத்தில் வைத்துக் கூறுகின்றனர். பள்ளியின் கணினி அறையை அவர்கள் கண்டதில்லை போலும். அங்கே புதிய மென்பொருளை நிறுவும் உரிமை வகுப்பாசிரியருக்கு எப்பொழுதும் இருப்பதில்லை. இணைய இணைப்பு ஒரு நாள் இருக்கும், மறுநாள் இராது. ஒரு பாட நேரத்தில் முப்பது பிள்ளைகளுக்கு வெளித்தொகுதி ஒன்றை நிறுவிக் கொடுத்துவிட்டுப் பாடத்தையும் நடத்திவிடக்கூடிய ஆசிரியர் இருப்பாராயின், அவருக்கு என் தலைமையாசிரியர் நாற்காலியை இன்றே கொடுப்பேன். மொழியோடு சேர்ந்து வருவது எதுவோ, அதுவே ஏழைப் பள்ளியின் பிள்ளைக்குக் கிடைப்பது. செந்தர நூலகம் என்பது வல்லுநனுக்கு வசதி. வறியவனுக்கு அதுவே முழு உலகம்.

இங்கே ஓர் ஒப்புதலையும் செய்துவிடுகின்றேன். எல்லாவற்றையும் நூலகத்துள் திணிக்க வேண்டும் என்பது என் கட்சி அன்று. தமிழ்ச் சொற்களஞ்சியமோ, சந்தி பிழைதிருத்தியோ, மொழிபெயர்ப்பியோ வெளியே இருக்கட்டும். அவை ஆண்டுதோறும் மாறுவன. எழுத்து எது, சொல்லின் எல்லை எது, தொடரின் அமைப்பு எது என்பவை மாறா அடிப்படைகள். அடிப்படையை இல்லத்துள் வையுங்கள். அணிகலனை வேண்டியபோது வாங்கிக்கொள்வோம்.

எழில் காட்டிய வழி

தமிழர் இத்துறையில் கைகட்டி நிற்கவில்லை. முத்து அண்ணாமலை 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கினார். அதனைப் பற்றிய அவருடைய ஆய்வுரை 2009-இல் வெளிவந்தது. அம்மொழி பைத்தானை அடித்தளமாகக் கொண்டது. அதில் அச்சிடுவதற்குப் 'பதிப்பி' என்று ஆணையிடலாம். நிபந்தனையை முதலிற் கூறி, அதன் பின் 'ஆனால்' என்று எழுதலாம். இவ்வமைப்பைத் தமிழாசிரியர் உற்று நோக்குதல் வேண்டும். ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். தமிழில் 'மழை பெய்தால்' என்று ஈற்றிலேயே வரும். எழில், ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சட்டை அணிவித்ததோடு நில்லாமல், தொடரமைப்பையே தமிழ் இயல்புக்கு ஏற்ப வளைத்தது. இதனைச் செய்வதற்குப் பகுப்பியின்மீது முழு ஆட்சி வேண்டும். பெயர்ப்பலகையை மாற்றுவோன் வேறு. வீட்டின் வாயிலையே திசை மாற்றி அமைப்போன் வேறு.

எழிலோடு தொடர்புடையோரே 'ஓப்பன்-தமிழ்' என்னும் திறமூலத் தொகுதியையும் ஆக்கினர். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதனைத் தமிழெழுத்துகளாகப் பிரித்துத் தருவது அதன் பணிகளுள் தலையாயது. 'விகடகவி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே என்று நாம் மாணவருக்குக் காட்டி மகிழ்வோம். திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் வரை அதனைக் கொண்டு செல்வோம். குறியெண்களை மட்டும் அறிந்த நிரல் அச்சொல்லைத் திருப்பினால், கொக்கி முன்னே வந்து நிற்க, சொல் சிதைகின்றது. "மாலைமாற்று அன்று" என்று தீர்ப்பும் வருகின்றது. எழுத்தைப் பிரிக்கும் கருவி இருந்தாலோ வி, க, ட, க, வி என ஐந்தும் ஒழுங்காகத் திரும்பி நிற்கும். ஒரு கருவியின் வேறுபாட்டில் ஓர் இலக்கிய மரபு கணினியில் வாழ்வதும் மாய்வதும் அடங்கியிருக்கின்றது.

எண்ணிப் பாருங்கள். தமிழில் ஒரு நிரல்மொழியை ஆக்க முனைந்தவர்கள், அதற்கு முன்னே எழுத்தைப் பிரிக்கும் கருவியையும் தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. வீடு கட்ட வந்தவன் செங்கல்லையும் தானே சுட்டான். பெரிய மொழிகளின் நூலகத்தில் அச்செங்கல் இருந்திருந்தால், அவர்தம் உழைப்பு வீட்டின் மேல்மாடிக்குச் சென்றிருக்கும் அன்றோ?

நம்மவரிடம் சில சொற்கள்

அயலாரைக் குறை கூறி முடித்துவிடுவது எளிது. நம்மவரிடமும் வழக்கு உண்டு.

"பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே நிரல் எழுதட்டும், தமிழ் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உளர். பைத்தானில் உள்ள கட்டாயச் சொற்கள் முப்பத்தைந்து. அவற்றை ஆங்கிலத்திற் கற்பதால் நம் பிள்ளைகள் தாழ்ந்துபோகமாட்டார்கள்; கற்கட்டும். ஆனால் அந்நிரலுக்குள் அவர்கள் இடும் உரை எம்மொழியினது? தம் பெயர், தம் அன்னையின் பெயர், தாம் படித்த குறளின் சொல், தாம் தொகுத்த பழமொழி இவையெல்லாம் தமிழ் அல்லவா? அவற்றை இயந்திரம் வெட்டிச் சிதைக்கும்போது, பிள்ளையின் உள்ளம் "என் மொழி இவ்விடத்துக்கு ஏற்றதன்று" என்று முடிவு கட்டுகின்றது. 2003-ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கிய காலத்தை நாம் கண்டோம்; 2009-இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டதையும் கண்டோம். அறிவுத்துறைக்குத் தமிழ் தகாது என்னும் எண்ணம் பிள்ளையின் நெஞ்சில் எவ்வளவு எளிதில் வேரூன்றும் என்பதை அக்காலம் நமக்குக் காட்டவில்லையா?

மலேசியத் தமிழர் கணினித்தமிழுக்குப் புதியவர் அல்லர். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இம்மண்ணிற் பிறந்தது. 2001-ஆம் ஆண்டுத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. எழுத்துருவும் விசைப்பலகையும் கண்ட முன்னோடிகள் திரையில் தமிழைக் காணச் செய்தனர். அது முதற் படி. இயந்திரம் தமிழை எழுத்தெழுத்தாக உணரச் செய்வது அடுத்த படி. அதற்கு வேண்டியது மேடையும் பொன்னாடையும் அல்ல. மாநாட்டில் ஒரு கருவியை வெளியிட்டு, கைதட்டி, படம் எடுத்துக்கொண்டு கலையும் பழக்கம் நமக்கு உண்டு. மறுவாரம் அக்கருவியில் பிழை கண்டால் திருத்துவோன் யார் என்று நாம் கேட்பதில்லை. "காப்பார் இல்லை" என்று மொழிக்காவலர் கூறும் காரணத்திற்கு நாமே சான்று வழங்குகின்றோம்.

ஆசிரியர்களால் ஆவது என்ன? நிறைய உண்டு. எந்த நிரல்மொழியும் தன் கருவிகளைச் சோதிக்க ஒரு சோதனைத் தொகுப்பை வைத்திருக்கும். இச்சொல்லைக் கொடுத்தால் இவ்விடை வருதல் வேண்டும் என்பன போன்ற பட்டியல் அது. அதற்குத் தேவைப்படுவது நிரலறிவைக் காட்டிலும் மொழியறிவே. 'அம்மா' மூன்று, 'அஃது' மூன்று, 'கொக்கு' மூன்று. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றென்று கருவி உணர்கின்றதா? 'க்ஷ' என்பதை ஓர் எழுத்தாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா? இத்தகைய வினாக்களுக்கு விடையளிக்க வல்லவர் தொலைதூரப் பொறியாளர் அல்லர். எழுத்ததிகாரம் கற்ற தமிழாசிரியரே. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் பத்துச் சொற்களை ஆய்ந்து விடையோடு தந்தால், உலகில் எந்த மொழிக்காவலரும் மறுக்க இயலாத சோதனைத் தொகுப்பு ஒன்று நம் கையில் இருக்கும். திறமூல மொழிகளின் வாயில் திறந்தே இருக்கின்றது. காரணம் காட்டி, சோதனை காட்டி, தொடர்ந்து காப்போம் என்று உறுதி கூறி வருவோரை அவர்கள் செவிமடுப்பர். வாயில் திறந்திருக்கும்போது, அழைப்பிதழ் வரவில்லை என்று திண்ணையில் அமர்ந்திருப்பது நம் குற்றம்.

மாணவர்களுக்கும் ஒன்று கூறுவேன். கணினி கூறியதால் ஒன்று உண்மையாகிவிடாது. கணினிக்குக் கற்பித்தவன் அறிந்தது எவ்வளவோ, அவ்வளவே கணினி அறியும். உன் இலக்கணமும் கணினியின் விடையும் மாறுபட்டால், உன் ஏட்டில் உள்ளதை அடிக்காதே. கணினிக்குக் கற்பித்தவனிடம் சென்று கேள். ஒரு நாள் அவ்விடத்தில் நீயே அமர்ந்து, அதற்குச் சரியாகக் கற்பிக்கலாம்.

என் மாணவி அடித்த அந்த 'மூன்றை' நான் சிவப்பு மையால் மீண்டும் எழுதி, அருகே சரிக்குறி இட்டேன். அவள் ஏட்டை என்னால் திருத்த முடிந்தது. கணினியின் ஏட்டை நான் ஒருவனாகத் திருத்த இயலாது. நாம் அனைவரும் கூடினால் இயலும். மொழியைப் பகுக்கும் கருவி மொழியின் இல்லத்துள் இருத்தல் வேண்டும். அக்கருவி நம் எழுத்தை எழுத்தென்று அறிதல் வேண்டும். இவ்விரண்டையும் கேட்பது இரத்தல் அன்று, உரிமை. கேட்போம், கேட்பதோடு நில்லாமல் உழைப்போம்.